636905: பாப்பிரெட்டிப்பட்டி பின்கோடுக்குள்ள இவ்வளவு கணக்கா? பகா எண் முதல் பேங்க் பாதுகாப்பு வரை... முழு விளக்கம்

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வரும் தபால், ஏ.டி.எம். கார்டு, ஆன்லைன் பார்சல் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும் ஆறு இலக்கம்: 636905. ஊர்க்காரர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் இதை முகவரியாகப் பார்க்காமல் ஓர் எண்ணாக மட்டும் பார்த்தால் என்ன தெரியும்?

ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து தொள்ளாயிரத்து ஐந்து. இது பகா எண்ணா, பகு எண்ணா? எத்தனை எண்களால் மீதியில்லாமல் வகுபடும்? கணித உலகம் இதை எந்தெந்த வகையில் சேர்க்கும்? இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன லாபம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில் 636905

- வகை: ஒற்றை எண், பகு எண்
- பகாக் காரணிகள்: 5 × 17 × 59 × 127
- மொத்த வகுத்திகள்: 16
- வகுத்திகளின் கூடுதல்: 8,29,440
- இலக்கங்களின் கூடுதல்: 29
- பைனரி வடிவம்: 10011011011111101001 (20 இலக்கங்கள், அதில் 13 ஒன்றுகள்)
- முழு வர்க்கம்? இல்லை. முழு கனம்? இல்லை
- வர்க்கக் காரணி இல்லாத எண்? ஆமாம்

முதலில், இந்த எண் எப்படி வந்தது?

இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது. அன்றைய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இதை உருவாக்கினார். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் எழுதப்படும் முகவரிகள்... இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஆறு இலக்க ஏற்பாடு.

636905-ஐ அஞ்சல் துறை படிக்கும் விதமே வேற. முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. 63 அதற்குள் இருக்கும் துணை மண்டலம். 636 என்ற மூன்று இலக்கமும் சேர்ந்தால் தபால் பிரிக்கப்படும் மாவட்டம். சேலத்தின் 636001-ம், தருமபுரியின் 636701-ம் இதே 636 வரிசைதான். கடைசி மூன்று இலக்கமான 905, அஞ்சலகத்தைக் காட்டுகிறது.

ஆக, பின்கோடு என்பது அளவைச் சொல்லும் எண் கிடையாது, அது ஒரு அடையாளப் பெயர். 636905 என்பதால் அது 636903-ஐ விட ‘இரண்டு அதிகம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பின்கோடுகளைக் கூட்டினாலும் எந்த ஊரும் வராது. ஆனாலும் எண் என்று எழுதிவிட்டால், கணக்குக்குரிய எல்லாக் குணங்களும் அதோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

பகா எண்ணா, பகு எண்ணா?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருப்போம். 2, 3, 5, 7, 11 இப்படிப் போகும். 1-ஐத் தவிர மற்றவை பகு எண்கள்.

636905 ஐந்தில் முடிகிறது. எனவே 5-ஆல் வகுபடும். பகா எண் இல்லை என்பது ஒரு நொடியில் முடிவாகிவிடும். ஆனால் முழுசா உடைப்பது எப்படி?

இங்கே ஒரு அழகான குறுக்குவழி இருக்கு. 636905-ஐ 635000 + 1905 என்று பிரியுங்கள். 1905 என்பது 635-ன் மூன்று மடங்கு. அப்படியென்றால்,

636905 = 635 × 1000 + 635 × 3 = 635 × 1003

இனி சுலபம். 635 = 5 × 127. 1003 = 17 × 59. இந்த நான்குமே பகா எண்கள். எனவே,

636905 = 5 × 17 × 59 × 127

ஒரு முழு எண்ணை இப்படிப் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். வரிசையை மாற்றலாம், ஆட்களை மாற்ற முடியாது. எண்ணின் ஜாதகம் என்றே சொல்லலாம்.

குறுக்குவழி கண்ணில் படவில்லை என்றால்? 636905-ன் வர்க்கமூலம் சுமார் 798. அதற்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அப்படி மொத்தம் 139 பகா எண்கள் உள்ளன. கையால் செய்தால் ஒரு மதியம் போகும். செல்போனுக்கு கண் இமைக்கும் நேரம்கூட தேவையில்லை.

ஆறு இலக்க எண்கள் மொத்தம் 9 லட்சம். அவற்றில் பகா எண்கள் 68,906. அதாவது ஏறக்குறைய 13-க்கு ஒன்று. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்த ‘சீட்டு’ விழவில்லை. ஆனால் கிடைத்த நான்கு காரணிகளும் சாதாரணமானவை இல்லை.

நான்கு காரணிகளும் யார் யார்?

5, 17: கவுஸின் கைவண்ணம். இரண்டுமே ஃபெர்மா பகா எண்கள் என்ற அபூர்வ வகை. இதுவரை தெரிந்தவை ஐந்தே ஐந்து: 3, 5, 17, 257, 65537. அளவுகோல், காம்பஸ் இரண்டை மட்டும் வைத்து 17 பக்கமுள்ள ஒழுங்கு பலகோணம் வரைய முடியும் என்று 1796-ல் நிரூபித்தார் ஜெர்மன் கணித மேதை கவுஸ். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை.

59: ஒரு தமிழரின் பெயர் தாங்கிய எண். இது ‘பிள்ளை பகா எண்’ வகை. இந்தப் பெயருக்குக் காரணமானவர் எஸ்.எஸ்.பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ல் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ‘வாரிங் பிரச்சினை’ என்ற பழைய எண் கணிதப் புதிரில் 1930-களில் இவர் செய்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. 1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்காவில் நடக்கவிருந்த சர்வதேச கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், எகிப்தின் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார்.

59 எப்படி இந்த வகையில் வருகிறது? 1 முதல் 15 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் 13,07,67,43,68,000 என்று கமா போடவே திணற வைக்கும் 1307674368000 கிடைக்கும். அதோடு 1-ஐக் கூட்டினால், அது 59-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆனால் 59-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 1 வராது, 14 வரும். இந்த இரண்டு நிபந்தனையையும் நிறைவேற்றும் பகா எண்தான் பிள்ளை பகா எண். 23, 29, 59, 61, 67 என்று இந்த வரிசை தொடங்குகிறது.

127: பெரிய குடும்பத்துப் பிள்ளை. 2-ஐ ஏழு முறை பெருக்கினால் 128. அதில் 1 குறைத்தால் 127. இப்படி ‘2-ன் அடுக்கு கழித்தல் 1’ என்ற வடிவில் அமையும் பகா எண்கள் மெர்சென் பகா எண்கள். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட, இப்போதைக்கு உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணும் இதே குடும்பம்தான். அதில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள்!

127-க்கு இன்னொரு பெருமை உண்டு. 64 × 127 = 8128. இது தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் ‘நிறைவெண்’. 6, 28, 496-க்கு அடுத்து வரும் நான்காவது நிறைவெண் இதுதான்.

16 வகுத்திகள்... ஆனால் இது ‘குறை எண்’

நான்கு பகா எண்களும் ஒவ்வொரு முறை மட்டுமே வருவதால், 636905-க்கு 2 × 2 × 2 × 2 = 16 வகுத்திகள். அவை:

1, 5, 17, 59, 85, 127, 295, 635, 1003, 2159, 5015, 7493, 10795, 37465, 127381, 636905

கடைசி எண்ணை விட்டுவிட்டு மற்ற 15-ஐயும் கூட்டினால் 1,92,535 வரும். மூல எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிக் கூடுதல் குறைவாக வந்தால் அது ‘குறை எண்’. அதிகமாக வந்தால் ‘மிகை எண்’. சரியாக வந்தால்தான் நிறைவெண்.

பெயரில் ‘குறை’ இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். ஒற்றை எண்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒற்றை எண்களில் முதல் மிகை எண்ணைப் பார்க்கவே 945 வரை போகணும். ஒற்றை எண்ணில் நிறைவெண் ஒன்றாவது இருக்கிறதா என்பது இன்றுவரை யாரும் விடை காணாத கேள்வி.

ராமானுஜன் அளவுகோலில் எப்படி?

1915-ல் கணித மேதை ராமானுஜன், தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அந்த வகையில் 636905-க்குப் பக்கத்தில் இருப்பது 665280. அதற்கு 224 வகுத்திகள். பாப்பிரெட்டிப்பட்டிக்கு 16 மட்டுமே.

ஆனால் 1917-ல் ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து இன்னொரு விஷயத்தை நிரூபித்தார்கள். பொதுவாக ஓர் எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும்? எண் எவ்வளவு பெரிதானாலும் அது மிக மிக மெதுவாகத்தான் கூடும். அவர்கள் சொன்ன கணக்குப்படி 6 லட்சம் அளவிலான எண்ணுக்கு அது சுமார் 2.6. பாப்பிரெட்டிப்பட்டிக்கு 4. அந்த வகையில் சராசரியைத் தாண்டிய எண்தான்.

அரூருக்கு மட்டும் ‘மகிழ்ச்சி’ எப்படி?

இலக்கங்களின் கூடுதலால் வகுபடும் எண்ணுக்கு ‘ஹர்ஷத் எண்’ என்று பெயர். சமஸ்கிருதத்தில் ‘மகிழ்ச்சி தருவது’ என்று பொருள். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எண் ஆராய்ச்சி செய்த டி.ஆர்.கப்ரேகர் வைத்த பெயர் இது.

636905-ன் இலக்கக் கூடுதல் 29. வகுத்தால் மீதி 7 வருகிறது. எனவே ஹர்ஷத் இல்லை. ஆனால் பக்கத்து ஊரான அரூரின் பின்கோடு 636903. இலக்கக் கூடுதல் 27. 636903 = 27 × 23589. மீதியே இல்லை! அரூருக்கு ஹர்ஷத் பட்டம் உறுதி.

இந்த இரண்டு பின்கோடுக்கும் 1-ஐத் தவிர பொதுவான வகுத்தி எதுவும் கிடையாது. இரண்டு ஒற்றை எண்களுக்கு இடையே வித்தியாசம் 2 மட்டுமே என்றால், அவை எப்போதும் சார்பகா எண்களாகத்தான் இருக்கும்.

வர்க்கங்களாகப் பிரித்தால்?

636905-ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. காரணம் 59-ம் 127-ம். இரண்டையும் 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும். அப்படிப்பட்ட பகாக் காரணி ஒற்றைப்படை முறை வந்தால், இரண்டு வர்க்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மூன்று வர்க்கம் என்றால் ரொம்ப சுலபமாக வருகிறது:

798² + 10² + 1² = 636804 + 100 + 1 = 636905

59 என்பது தருமபுரி தொகுதி எண்ணாச்சே... இதில் ஏதாவது அர்த்தம் இருக்கா?

சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் தருமபுரியின் எண் 59. பாப்பிரெட்டிப்பட்டி 60. அரூர் 61. பாப்பிரெட்டிப்பட்டி பின்கோடு 59-ஆல் வகுபடுகிறது. இன்னொரு வகுத்தியான 635-ஐப் பாருங்கள். அதே பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இருக்கும் பொம்மிடியின் பின்கோடு 635301. அதுவும் 635-ல்தான் தொடங்குகிறது!

கேட்க சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் இது தற்செயல் மட்டுமே. பின்கோடு முறை வந்தது 1972-ல். பாப்பிரெட்டிப்பட்டி தொகுதி உருவானது 2008 மறுசீரமைப்பில். ஒன்றைப் பார்த்து ஒன்று வைக்கப்படவில்லை. 16 வகுத்திகளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் இருக்கும் எண்களில் தேடினால், ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். வண்டி நம்பர், போன் நம்பர், பிறந்த தேதி ஆகியவற்றை வைத்துச் சொல்லப்படும் பல ‘அதிசயங்கள்’ இப்படி உருவானவைதான். பொருந்தியதை மட்டும் சொல்வார்கள், பொருந்தாததை விட்டுவிடுவார்கள்.

உண்மையான சிக்கல்: 3-ஆ, 5-ஆ?

636903 அரூர். 636905 பாப்பிரெட்டிப்பட்டி. வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம். அவசரத்தில் கிறுக்கினால் 3-ம் 5-ம் ஒரே மாதிரி தெரியும். அந்த ஒரு கிறுக்கலில் இன்டர்வியூ கடிதமோ, பாஸ்புக்கோ வேறு ஊர் மூட்டைக்குள் போக வாய்ப்பு இருக்கிறது. இந்தத் தவறை எண்ணே கண்டுபிடித்துச் சொல்லுமா?

சொல்லாது. பின்கோடில் ‘சரிபார்ப்பு இலக்கம்’ கிடையாது. அப்படின்னா என்ன?

636905-ன் இலக்கக் கூடுதல் 29. அதன் கடைசி இலக்கமான 9-ஐ வாலில் சேர்த்து 6369059 என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். யாராவது 5-க்குப் பதில் 3 போட்டால், கூடுதல் 27 ஆகும். வாலில் 7 இருக்கணும், ஆனா 9 இருக்கு. கம்ப்யூட்டர் உடனே ‘தப்பு’ என்று சொல்லிவிடும்.

ஆனால் இந்த எளிய முறையில் ஓட்டை உண்டு. கடைசி இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி 636950 என்று எழுதினால் கூடுதல் மாறாது. தவறு தப்பித்துவிடும். இதையும் பிடிக்கும் முறையை 1969-ல் வெளியிட்டார் நெதர்லாந்தின் வெர்ஹோஃப். ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அது கண்டுபிடித்துவிடும். ஆதார் எண்ணின் 12-வது இலக்கம் இந்த முறையில் கணக்கிடப்பட்டதுதான். அதனால்தான் ஆதார் எண்ணில் ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தால் ‘செல்லாத எண்’ என்று படிவம் உடனே சொல்ல முடிகிறது.

பின்கோடுக்கு அந்தக் காவலாளி இல்லை என்பதால், ஊர்ப் பெயரையும் மாவட்டத்தையும் தெளிவாக எழுதுவது அவசியம். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் இருக்க, பின்கோடுகள் சுமார் 19 ஆயிரம்தான். அதாவது ஒரே எண்ணைப் பல கிராம அஞ்சலகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. பின்கோடு சரியாக இருந்தாலும் ஊர்ப் பெயர் இல்லாமல் முடியாது. இதற்குத் தீர்வாக, சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடத்தையே அடையாளம் காட்டும் பத்து எழுத்து ‘டிஜிபின்’ முறையை அஞ்சல் துறை 2025-ல் அறிமுகப்படுத்தியது.

எண்ணை உடைப்பதற்கும் பேங்க் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

5, 17, 59, 127 ஆகியவற்றைக் கொடுத்து ‘பெருக்கு’ என்றால் ஒரு நிமிட வேலை. 636905-ஐக் கொடுத்து ‘உடை’ என்றால் அதைவிட அதிக நேரம் ஆகும். எண் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி மலை அளவுக்குப் போகும்.

1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் இந்த இடைவெளியையே பூட்டாக மாற்றினார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. முறை எனப்படும் இதில், இரண்டு பிரம்மாண்டமான பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே தெரியும்படி வைப்பார்கள். அந்த இரண்டு எண்கள் மட்டும் ரகசியம். இணையப் பாதுகாப்பில் பல இடங்களில் இன்றும் பயன்படும் இந்த எண்ணில் சுமார் 617 இலக்கங்கள் இருக்கும். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றை உடைப்பதற்கே, ஒற்றை கம்ப்யூட்டர் கோர் சுமார் 2,700 ஆண்டுகள் ஓடும் அளவுக்கு உழைப்பு தேவைப்பட்டது.

ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று மட்டும் தெரிந்துகொள்வது இதைவிட எளிது. எல்லா எண்களுக்கும் பொருந்தும், சந்தேகத்துக்கு இடமில்லாத, வேகமான வழியை 2002-ல் உலகுக்குக் காட்டியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா.

உங்க ஊர் பின்கோடை நீங்களே சோதிக்கலாம்

- கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் 2-ஆல் வகுபடும். 0 அல்லது 5 என்றால் 5-ஆல் வகுபடும்.
- இலக்கங்களின் கூடுதல் 3-ஆல் வகுபட்டால் எண்ணும் 3-ஆல் வகுபடும். 9-க்கும் இதே விதி. அரூருக்கு 27 வந்தது நினைவிருக்கிறதா?
- ஆறு இலக்கத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, பெரியதில் இருந்து சிறியதைக் கழியுங்கள். விடை 7, 11 அல்லது 13-ஆல் வகுபட்டால் பின்கோடும் அதே எண்ணால் வகுபடும். காரணம், 7 × 11 × 13 = 1001.

தருமபுரி 636701: 701 − 636 = 65. இது 13-ஆல் வகுபடும். எனவே 636701 = 13 × 48977.

மதுரை 625001: 625 − 1 = 624. இதுவும் 13-ஆல் வகுபடும். 625001 = 13 × 48077.

பாப்பிரெட்டிப்பட்டி 636905: 905 − 636 = 269. இது 7, 11, 13 எதற்கும் சிக்கவில்லை.

சென்னை 600001 இந்த மூன்று சோதனையிலும் தப்பித்து, பகா எண் போல வேஷம் போடும். ஆனால் 19-இடம் மாட்டிக்கொள்ளும்: 600001 = 19 × 31579.

வீட்டில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், காரணிப்படுத்தல் கணக்குக்குப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு சேர்த்து சொந்த ஊர் பின்கோடையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். கணக்கும் பழகிவிடும், பின்கோடும் மறக்காது. அடுத்த முறை முகவரி எழுதும்போது அந்தக் கடைசி 5-ஐக் கொஞ்சம் தெளிவாக எழுதுவார்கள்.